மண்ணுக்கு ஆரத்தி

பத்தாம் வகுப்பு அறிவியலில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது லிட்மஸ் தாள் ஒன்றுதான். அமிலம் நீலத்தைச் சிவப்பாக்கும், காரம் சிவப்பை நீலமாக்கும். அதிலும் பரீட்சை ஹாலில் குழம்பிப்போய், முன்பெஞ்சுக்காரனை எட்டிப் பார்த்துத்தான் எழுதினேன். அவனும் குழம்பிப்போய்த்தான் எழுதியிருக்கிறான் என்பது பேப்பர் திருத்தி வந்த பிறகு தெரிந்தது.

அப்பேர்ப்பட்டவன் தலை நரைக்கிற வயதில் தோட்டத்து மண்ணின் கார அமில நிலையைச் சரிசெய்யக் கிளம்பினான் என்றால், நீங்கள் இங்கேயே சிரித்துக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

கோயம்புத்தூரில் பாலக்காடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. பின்பக்கம் அரை சென்ட் காலி இடம். வீடு காட்டிய புரோக்கர், “இதுல தோட்டமே போடலாமுங்க” என்றார். செப்டிக் டேங்க் எங்கே என்று கேட்டதற்கும் அதே பக்கம்தான் கையைக் காட்டினார்.

2020 ஊரடங்கில் ஊரே செடி வைத்தது, நானும் வைத்தேன். தக்காளி, கத்தரி, மிளகாய், அவரை, ஓரமாக ஒரு கறிவேப்பிலை. கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பழைய இலையெல்லாம் பச்சையாகவே இருக்கிறது. புதிதாக விடுகிற கொழுந்து மட்டும் மஞ்சள். அந்த மஞ்சளிலும் நரம்பு மட்டும் பச்சைக் கோடு கோடாக நிற்கிறது. பார்க்க அழகாகவே இருந்தது. வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், “இது என்ன குரோட்டன்ஸ், ஒரு கொம்பு ஒடிச்சுக் குடுங்களேன்” என்றார். அது மிளகாய்ச் செடி.

விவரமானவர்கள் இந்த மாதிரி நேரத்தில் பக்கத்தில் இருக்கிற விவசாயி யாரையாவது கேட்பார்கள். நான் யூடியூபைக் கேட்டேன். தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர், பின்னால் முட்டைக்கோஸ் பாத்தி தெரிய, மண் புளித்துப்போனால் செடிக்குச் சத்து ஏறாது, இலை வெளுக்கும், சுண்ணாம்பு போடுங்கள் என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் நின்றுகொண்டிருந்தது இங்கிலாந்து என்பதை நான்தான் கவனிக்கவில்லை.

இங்கே கொஞ்சம் விஷயம் சொல்லிவிடுகிறேன். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு தோட்டம் செலவாயிற்று, உங்களுக்கு இலவசம். மழை கொட்டிக்கொண்டே இருக்கிற ஊரில், தண்ணீர் மண்ணில் உள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கழுவிக் கீழே இறக்கிவிடும். மேலே மிஞ்சுவது புளிப்பு. அதனால் அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாகச் சுண்ணாம்பு போடுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்ம நீலகிரியிலேயே அதுதான் கதை. தேயிலைக்குக் கார அமில நிலை 4.5-லிருந்து 5.5 வரை உள்ள புளிப்பு மண்தான் பிடிக்கும். அதே மலையில் காய்கறி போடுகிறவர்கள் டோலமைட்டைத் தூவிப் புளிப்பைக் குறைத்துக்கொள்கிறார்கள். கோத்தகிரியில் என் மச்சினன் வீட்டு வாசலில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதுகூட அந்தப் புளிப்பால்தான். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து பூவுக்கு ஏறினால் நீலம், ஏறாவிட்டால் ரோஸ். அங்கிருந்து ஒரு கன்று கொண்டுவந்து வைத்தேன். நீலமா ரோஸா என்று வீட்டில் பந்தயமே கட்டினோம். அது பூக்கவே இல்லை.

கோயம்புத்தூர்ச் சமவெளியில் கதை தலைகீழ். மழை குறைச்சல், வெயில் ஜாஸ்தி. கழுவிக்கொண்டு போக ஆள் இல்லாததால் சுண்ணாம்பு மண்ணிலேயே தங்கிவிடும். தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் வரும். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் போனால் மதுக்கரை. அங்கே தரைக்கடியில் இருக்கிற சுண்ணாம்புக்கல்லை நம்பி ஒரு சிமென்ட் ஆலையே ஓடுகிறது. அந்த ஆலைப் பக்கமாகத்தான் நான் ஸ்கூட்டரில் போய், காசு கொடுத்துச் சுண்ணாம்பு வாங்கி வந்தேன்.

வாங்கியது பெயின்ட் கடையில்.

“எத்தனை ரூமுங்க?” என்றார் கடைக்காரர்.

“ரூமுக்கு இல்லைங்க, தோட்டத்துக்கு.”

“காம்பவுண்டுச் சொவத்துக்குங்களா?”

“இல்லைங்க, மண்ணுக்கு.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம், “காசு மட்டும் இப்பவே குடுத்துருங்க” என்றார்.

யூடியூப்காரர் சொன்னது சுண்ணாம்புக்கல்லை அரைத்த பொடி. அது மாசக்கணக்கில் நிதானமாக வேலை செய்யும் சாது. நான் வாங்கி வந்தது வெள்ளையடிக்கிற நீற்றிய சுண்ணாம்பு. கார அமில அளவுகோலில் 7 நடு, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்தால் 12-ஐத் தாண்டும். காய்கறி கேட்பதோ ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில். மூட்டையின் மேல் இதெல்லாம் எழுதியிருக்கவில்லை. ‘பளிச் வெண்மை’ என்று மட்டும் எழுதியிருந்தது.

அன்று காலையில்தான் பால்காரர் வீட்டிலிருந்து ஒரு கூடை பச்சைச் சாணி வாங்கிப் பாத்தியில் கொட்டியிருந்தேன். சாயங்காலம் அதன் மேலேயே சுண்ணாம்பைத் தூவி, தண்ணீர் தெளித்து, மண்வெட்டியால் கிளறிவிட்டேன். பச்சைச் சாணியும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சாணியில் இருக்கிற தழைச்சத்து அம்மோனியாவாகி ஆகாயத்துக்குப் போய்விடும். போகிற வழியில் எங்கள் சமையலறை ஜன்னல் இருந்தது.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மனைவி வெளியே வந்தாள். “ஏங்க, என்னத்தக் கொட்டுனீங்க?”

“மண்ணைத் திருத்தறேன்.”

“சரி, ஜன்னலைச் சாத்திட்டுத் திருத்துங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இருபது வருஷ தாம்பத்யத்தில் அதற்கு மேல் கேள்வி கேட்கிற பழக்கம் போய்விட்டது.

மறுநாள் காலை மண்புழுக்கள் மேலே வந்து நெளிந்துகொண்டிருந்தன. உழவனின் நண்பன் என்று பாடத்தில் படித்திருப்பீர்களே, அந்த நண்பர்கள்தான். பாதிப் பேர் அங்கேயே காய்ந்துபோனார்கள். மீதிப் பேர் கூட்டமாகப் பக்கத்து வீட்டுப் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். நட்புக்கும் ஒரு எல்லை இருக்கிறது.

பக்கத்து வீட்டு ஆத்தா காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டினார். “ஏங்கண்ணு, வூட்ல ஏதாச்சும் விசேசமா? மண்ணுக்கெல்லாம் வெள்ளை அடிச்சு வெச்சிருக்கற?”

அடுத்த வாரத்துக்குள் கொழுந்தில் மிச்சமிருந்த பச்சை நரம்பும் போய்விட்டது. குரோட்டன்ஸ் கேட்ட உறவினர் மறுபடியும் வந்தார். இந்த முறை எதுவும் கேட்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அளந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மற்றவர்கள் அளந்துவிட்டுப் போடுவார்கள். சரி, ஆளுக்கு ஒரு முறை.

ஆன்லைனில் ஒரு மீட்டர் வாங்கினேன். பச்சை டப்பா, கீழே இரண்டு கம்பி, பேட்டரி கிடையாது. விலை மலிவு, ரிவ்யூவில் நாலரை ஸ்டார். கையில் பிடித்தால் 8 காட்டியது. காய்ந்த மண்ணில் குத்தினாலும் 8. மண்ணை நனைத்துக் குத்தினால் 7. வெறும் காற்றுக்கே எட்டு மார்க் போடுகிற வாத்தியாரை எப்படி நம்புவது என்று, புளிப்பு நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருளில் விட்டுப் பார்த்தேன். மதியத்து ரசம். அது 6 காட்டியது. அந்தக் கணக்குப்படி எங்கள் வீட்டு ரசத்தில் தக்காளி அமோகமாக விளைய வேண்டும்.

ரசம் மறுபடியும் வைக்க வேண்டியதாயிற்று. வைத்தது நான்.

மீட்டர் கைவிட்ட இடத்தில் அஞ்சறைப் பெட்டி கைகொடுத்தது. ஆரத்தித் தட்டில் என்ன இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மஞ்சள் தண்ணீர், அதில் துளி சுண்ணாம்பு. கலந்ததும் சிவப்பாகிறதே, அது அப்பட்டமான கெமிஸ்ட்ரி. மஞ்சள் நல்ல காரத்தைப் பார்த்தால் சிவக்கும். லேசான காரத்துக்கெல்லாம் அசையாது. எட்டரையைத் தாண்டினால்தான் நிறம் நன்றாகத் தெரியும். அமிலத்தில் மஞ்சளாகவே உட்கார்ந்திருக்கும். முன்பெஞ்சுக்காரனை எட்டிப் பார்த்த நேரத்தில் எங்கள் அத்தை எடுத்த ஆரத்தியைப் பார்த்திருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன்.

ஒரு டம்ளரில் பாத்தி மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, தெளியவிட்டு, மேலே நின்ற தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்தேன். சிவந்தது. சாதாரணச் சிவப்பு இல்லை, மாப்பிள்ளை அழைப்புச் சிவப்பு. ஆரத்தி எடுத்தால் தட்டில் காசு விழும் என்பார்கள். மண் ஒன்றும் போடவில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் பத்தி எழுத வந்திருக்க மாட்டேன். காரம் ஏறிவிட்டதா, இறக்கு! புளிப்பாக வீட்டில் என்னென்ன இருக்கிறதோ எல்லாம் பின்பக்கம் போக ஆரம்பித்தன.

முதலில் காபி. காபித்தூள் சக்கை மண்ணுக்குப் புளிப்பு ஏற்றும் என்று எங்கோ படித்ததை நம்பி, ஃபில்டரில் மிஞ்சுவதையெல்லாம் சேர்த்துவைத்தேன். சக்கை சேர வேண்டும் என்பதற்காகவே கூடுதலாக டிகாஷன் இறக்கினேன். இறக்கியதை வீணாக்க மனசு வராமல் குடித்தேன். காபியில் இருக்கிற அமிலமெல்லாம் பெரும்பாலும் டிகாஷனோடு இறங்கிவிடுகிறது, சக்கை கிட்டத்தட்ட நடுநிலைதான் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆக, அசிடிட்டி வந்தது. எனக்கு.

அடுத்தது வினிகர். ஊற்றியதும் மண் நுரைத்துக்கொண்டு பொங்கியது. ஆகா, வேலை செய்கிறது என்று இன்னொரு பாட்டிலும் வாங்கி வந்தேன். பொங்கியது கார்பன் டை ஆக்சைடு. மண்ணில் சுண்ணாம்பு தாராளமாகக் கிடக்கிறது, ஊற்றுகிற அமிலத்தையெல்லாம் அது தின்றுவிடுகிறது என்பதன் அடையாளம் அது. ஆய்வுக்கூடத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில சொட்டு விட்டு இதையே பார்த்துவிட்டு, ‘சுண்ணாம்பு உண்டு’ என்று எழுதிக்கொள்வார்களாம். நான் பாட்டில் கணக்கில் பார்த்தேன்.

எலுமிச்சைத் தோல், புளித்த மோர், புளிக் கரைசல் கதையெல்லாம் வேண்டாம். எறும்பு வந்தது என்பதோடு முடித்துக்கொள்கிறேன்.

இதில் பெரிய வேடிக்கை, நான் ஒரு கையால் இறக்கிக்கொண்டே இன்னொரு கையால் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவரையில் அசுவினி அடித்தால் சாம்பல் தூவுவேன். விறகுச் சாம்பல் நல்ல காரம். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகியதால் முட்டை ஓட்டை இடித்துப் போடுவேன். முட்டை ஓடு என்பது சுண்ணாம்புதான், கோழி போட்டதால் பேர் வேறு. கால்சியம் குறைந்தால் தக்காளி அடி அழுகும் என்பது வாஸ்தவம். ஆனால் சுண்ணாம்பு மேலேயே உட்கார்ந்திருக்கிற செடிக்குக் கால்சியம் எப்படிக் குறையும்? ஒரு நாள் வெள்ளமாகவும் நாலு நாள் காய்ச்சலாகவும் தண்ணீர் விட்டால் குறையும், இருக்கிற கால்சியம் காய்க்குப் போய்ச் சேராது. வீட்டில் தண்ணீர் விடுகிற டியூட்டி யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை.

கடைசியில் மண் பரிசோதனைக்குப் போனேன். கடைசியில் போக வேண்டிய இடம் அல்ல அது என்பது தெரிகிறது.

பாத்தியின் மேல் மண்ணைச் சுரண்டி, ஸ்வீட் கடைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த அம்மா கவரைப் பிரித்து உள்ளே பார்த்தார். மேலே சுண்ணாம்பு, நடுவில் காபிச் சக்கை, ஓரத்தில் மைசூர்பாகுத் தூள். “சார், இது மண்ணுங்களா?” என்றார்.

மண் எடுப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. எரு கொட்டிய இடம், வரப்பு, மர நிழல் எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். மேலே கிடக்கிற குப்பையை ஒதுக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக மண்ணைச் செதுக்கி எடுக்க வேண்டும். இப்படிப் பல இடத்தில் எடுத்து ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு, மீண்டும் கலந்து, மீண்டும் பிரித்து, அரைக் கிலோ வரும் வரை குறைத்து, நிழலில் உலர்த்திக் கொண்டுபோக வேண்டும். எரு, வரப்பு, நிழல் எல்லாம் தவிர்த்துவிட்டால் என் அரை சென்ட்டில் மீதி இருந்தது நான் நிற்கிற இடம்தான். நகர்ந்து நின்றுகொண்டு தோண்டினேன்.

“எத்தனை ஏக்கருங்க?” என்று கேட்டார் அந்த அம்மா, ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே.

“அரை சென்ட்.”

0.005 என்று எழுதிக்கொண்டார். என் விவசாயத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் இவ்வளவு துல்லியமாக மதிப்பிட்டதில்லை.

ரிசல்ட் வந்தது. கார அமில நிலை 8.4. உப்பின் நிலை பரவாயில்லை. சுண்ணாம்பு நிலை, அதிகம்.

“சுண்ணாம்பு ஏதாச்சும் போட்டீங்களா சார்?”

“கொஞ்சமா.”

“எதுக்குங்க?”

இந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. அவரே விளக்கினார். எண் ஏழரையைத் தாண்டினால் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு எல்லாம் கரையாத வடிவத்துக்குப் போய்விடும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, வேருக்குக் கிடைப்பதில்லை. பாஸ்புக்கில் பணம் இருக்க, ஏ.டி.எம். கார்டை வாங்கிக்கொண்டு திருப்பித் தராத கதை. கொழுந்து மஞ்சளாகி நரம்பு பச்சையாக நிற்பது இரும்புப் பற்றாக்குறைக்கே உரிய அடையாளமாம். தழைச்சத்துக் குறைவென்றால் அடியிலைதான் முதலில் பழுக்கும். செடி முதல் நாளே என்னிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நான்தான் இங்கிலாந்துக்காரர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“8.4-தானே மேடம், காய்கறிக்கு ஏழுன்னு வெச்சா ஒன்றரைதானே இறக்கணும்?” என்றேன் தெம்பாக. அவர் சிரிக்கவில்லை, நல்ல மாதிரி. அந்த எண் ஒவ்வொன்றும் பத்து மடங்காம். எட்டுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் இரண்டு இல்லை, நூறு மடங்கு. 1909-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் என்ற வேதியியலாளர் வகுத்த அளவுகோல் அது. எனக்குத் தலை சுற்றியதற்கு அந்தப் பூர்வீகமும் காரணமாக இருக்கலாம்.

அதற்குள் நான் நாட்டு மருந்துக் கடையில் கந்தகம் கால் கிலோ வாங்கித் தூவிவிட்டிருந்தேன். கந்தகம் தூவினால் மண்ணில் இருக்கிற பாக்டீரியா அதை மெதுவாகக் கந்தக அமிலமாக்கும், எண் இறங்கும். இதுவும் பொய் இல்லை. அந்த அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரு துண்டுப் பேப்பரை எடுத்தார்.

ஒரு சதுர மீட்டர், 15 சென்டிமீட்டர் ஆழம். சுமார் 200 கிலோ மண். அதில் ஐந்து சதவீதம் சுண்ணாம்பு என்று வைத்துக்கொண்டால் 10 கிலோ. நூறு கிராம் சுண்ணாம்பைத் தீர்க்க 32 கிராம் கந்தகம் வேண்டும். ஆக, ஒரு சதுர மீட்டருக்கு 3.2 கிலோ. அரை சென்ட் என்பது சுமார் 20 சதுர மீட்டர். 64 கிலோ. அந்தச் சுண்ணாம்பு தீர்ந்த பிறகுதான் மண்ணின் எண் அசையவே தொடங்கும். “அதுவும் கீழ்மண்ணு சும்மா இருந்தாத்தானுங்க” என்று முடித்தார். குடியிருப்புப் பகுதியில் 64 கிலோ கந்தகம் வாங்கி வைத்தால் மண் பரிசோதகர் வர மாட்டார், வேறு யாராவது வருவார்கள்.

ஜிப்சம் போடலாமே என்று கேட்டேன். விடக்கூடாது இல்லையா? அது களர் நிலத்துக்கு, அதாவது சோடியம் ஏறிப்போன மண்ணுக்கு மருந்து. உங்கள் வியாதி வேறு என்றார். வீட்டில் வாங்கி வைத்திருந்த ஜிப்சம் மூட்டையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

“தண்ணி என்ன தண்ணிங்க?” என்றார். உப்புத் தண்ணிதான். நல்ல தண்ணி குடிக்க, மற்றதற்கெல்லாம் போர். எங்கள் வீட்டு பக்கெட்டில் வெள்ளைப் படலம், ஷவரில் பாதி ஓட்டை அடைப்பு, கீசருக்கு வருஷா வருஷம் வைத்தியம். அந்தத் தண்ணீரைத்தான் செடிக்கு ஊற்றுகிறேன். லிட்டருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 100 லிட்டர் ஊற்றினால் 30 கிராம். வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 11 கிலோ. பெயின்ட் கடைக்கு நான் போயே இருக்க வேண்டாம், வீட்டிலேயே குழாயில் வந்துகொண்டிருந்தது.

இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. எண்ணை மாற்றுகிற ஆசையை விட்டுவிட்டேன். தக்காளியும் மிளகாயும் பைக்குப் போய்விட்டன. தேங்காய் நார்க் கழிவும் மக்கிய எருவும் கலந்த பை. நார்க் கழிவை நன்றாக அலசிப் போட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு ஏறும். அலசாமல் போட்டது யார் என்ற விசாரணையும் முடிந்துவிட்டது. மழை பெய்தால் மாடித் தண்ணீரை டிரம்மில் பிடிக்கிறேன். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது, மழையும் அதிகம் கிடையாது.

மஞ்சள் கொழுந்துக்கு அன்னபேதி, அதாவது இரும்பு உப்பு. லிட்டருக்கு 5 கிராம், அரை மூடி எலுமிச்சைச் சாறு பிழிந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலை மேல் தெளிக்கிறேன். மண்ணில் கொட்டினால் சுண்ணாம்பு அதை உடனே துருவாக்கிவிடும், பிரயோஜனமில்லை. இலைக்குக் கொடுத்தால் ஒரு வாரம் பத்து நாளில் பச்சை திரும்புகிறது. உண்மையாகவே திரும்புகிறது, இந்தப் பத்தியில் நான் செய்து பலித்த ஒரே காரியம் இது. தெளிக்கிற அன்று காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கொடியில் என்ன காய்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளை வேட்டியில் அன்னபேதி பட்டால் துருக்கறை போகாது. என் வேட்டியாக இருந்ததால் பெரிய பிரச்சினை ஆகவில்லை.

ஆத்தாவின் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே மண், அதே போர் தண்ணீர். முருங்கை, கொத்தவரை, பீட்ரூட், அகத்தி என்று காரம் தாங்குகிற ஜாதியாகவே வைத்திருக்கிறார். தெரிந்து வைத்தாரா என்று கேட்டேன். “வந்தத வெச்சிருக்கறேன், வராதத வுட்டுட்டேன் கண்ணு” என்றார். கறிவேப்பிலைக்கு மட்டும் விடாமல் புளித்த மோர் ஊற்றுகிறார். அந்த மோரில் இருக்கிற அமிலம் இந்தச் சுண்ணாம்புக்கு எந்த மூலைக்கு என்று துண்டுப் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு கொத்து கறிவேப்பிலை ஒடித்துக் கையில் கொடுத்தார். கரும்பச்சை.

என் கணக்கு இப்போதும் சரிதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்து, மண்ணைப் பரிசோதித்து, எண் ஐந்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பேப்பரும் கையில் இருந்தால், எங்கள் வீட்டில் சுண்ணாம்பு முக்கால் மூட்டை மீதி இருக்கிறது. எவ்வளவு போடுவது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். பணம் வேண்டாம். வண்டி வாடகை உங்களுடையது. ஜிப்சம் மூட்டையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனால், மீட்டரை இனாமாகத் தருகிறேன்.